நாக்கில் தடவிய தங்கம்

வாயத் தொறந்தே வெச்சிருக்கோணும், முழுங்கக் கூடாது, நாக்க அசைக்கக் கூடாது, முக்கியமா பேசக் கூடாதுன்னு சொல்லிப்போட்டு டாக்டர் பர்வீன் அந்தப் பக்கம் போயிருச்சு. சொல்லாட்டி மட்டும் பேசவா முடியும், கன்னம் ரெண்டையும் இழுத்துப் புடிக்கறாப்ல ஒரு பிளாஸ்டிக் கவ்விய வாய்க்குள்ள மாட்டிவிட்டிருக்குது, கீழ் ஒதட்டு ஓரமா ஒரு குழாய் தொங்கிக்கிட்டு எச்சியெல்லாம் சர்ருனு உறிஞ்சிக்கிட்டே இருக்குது. பேசியே பொழச்சவன் நான். கோயமுத்தூர் ராஜ வீதியில நகைக்கடை செயின் செக்ஷன் நாச்சிமுத்துன்னா தெரியாதவங்க கம்மி. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவங்களையும் பேசியே ஒரு சங்கிலிய மாட்டி அனுப்பிப்போடுவான்னு முதலாளியே சொல்லுவாரு. அந்த நாச்சிமுத்து இப்ப ஒரு நாற்காலியில மல்லாக்கச் சாஞ்சு, வாயப் பொளந்துக்கிட்டு, மேல இருக்கற ட்யூப் லைட்டப் பார்த்துக்கிட்டுக் கெடக்கறான். லைட்டு மூடிக்குள்ள ஒரு பூச்சி செத்துக் கெடக்குது. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பூச்சிய எடுத்துப்போட ஆளில்ல பாருன்னு யாருகிட்டயாவது சொல்லோணும்னு நாக்கு துடிக்குது, துடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அந்த நாக்கோட எடது ஓரத்துல, கொஞ்சம் பின்னால தள்ளி, புண்ணு இருக்குது. சதையக் கிள்ளி எடுத்துப் பார்த்தாச்சு, கேன்சர்னும் சொல்லியாச்சு. அது எதுவரைக்கும் போயிருக்குதுங்கறதுதான் பாக்கி. ஓரத்தோட நின்னிருந்தா ஓரத்த மட்டும் வெட்டுவாங்க, கொஞ்சம் கொழகொழன்னு வந்தாலும் பேச்சு இருக்கும். அடி வரைக்கும் போயிருந்தா நாக்கே போயிரும். தொடையில இருந்து சதை எடுத்து வெச்சுத் தெச்சுருவாங்களாம், கஞ்சி குடிக்கலாமாம், பேச்சு மட்டும் வராதாம். ‘மட்டும்’னு சொல்றப்ப ஆப்பரேசன் டாக்டரு கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிக்கிட்டிருந்தாரு.

நாக்குல இப்பத் தடவியிருக்கறது தங்கமாம். அதுதான் எனக்கு இன்னும் மண்டைக்குள்ள ஏறல. சின்னதா ஒரு கண்ணாடிக் குப்பியில, மாதுளம்பழத்தப் புழிஞ்சாப்ல செவப்பா ஒரு தண்ணிய அந்த டாக்டர் பொண்ணு பர்வீன் கொண்டாந்துச்சு. இதுல தங்கம் இருக்குதுங்கய்யான்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மா, நான் தங்கத்துக்குள்ளயே கெடக்கறவன், தங்கம்னா மஞ்சளா இருக்கும், செம்பு சேர்த்தா செவப்படிக்கும், வெள்ளி சேர்த்தா வெளுக்கும், தண்ணியா எங்கயும் இருக்காதுன்னேன். அது கோவிச்சுக்கல. "தங்கத்த ரொம்ப ரொம்பச் சின்னதா ஆக்கிட்டா மஞ்சளா இருக்காதுங்கய்யா, செவப்பாயிரும். ஒரு தலைமுடியோட குறுக்களவுல ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும், அவ்வளவு சின்னது. அதுமேல ஒரு மருந்து ஏத்தியிருக்கோம். நல்ல சதைய விட்டுட்டு, கெட்ட சதையாப் பார்த்துப் போயி ஒட்டிக்கும். மிச்சத்தக் கழுவிட்டு வெளிச்சம் அடிச்சா, தங்கம் ஒட்டுன எடம் மட்டும் கேமராவுல பளிச்சுனு தெரியும். கரன்டு, ஊசி, ஒண்ணுமில்ல, வெறும் வெளிச்சந்தான்"னு சொல்லுச்சு. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குதாம், ஸ்கேனோட இதையும் வெச்சு ஒத்துப் பார்க்கறாங்களாம். செரி, அப்ப பளிச்சுனு இருந்தா நல்லதான்னு கேட்டேன். வாழ்நாள் பூராவும் பளிச்சுனு இருக்கறதுதான் நல்லதுன்னு சொல்லி வித்தவன் வேற எப்படிக் கேப்பான். "இல்லீங்கய்யா, பளிச்சுங்கற எடந்தான் நோய் இருக்கற எடம். இருட்டா இருந்தா நல்லது"ன்னுச்சு. அப்ப என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி பக்கத்துல இல்ல, ஃப்ளாஸ்க்குல சுடுதண்ணி வாங்கறதுக்குக் கேன்டீனுக்குப் போயிருந்தா. திரும்பி வந்தவகிட்ட, இந்தா பாரு, பளிச்சுனு தெரிஞ்சா கெட்டதாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அவகிட்ட எதையும் சொல்லிப் பழக்கமில்ல.

இப்ப அவ என்ற காலடியில ஸ்டூல் போட்டு ஒக்காந்திருக்கறா. தலையத் திருப்பக் கூடாதுங்கறதால பார்க்க முடியல, சேலை மொரமொரங்கறது கேக்குது, ஆஸ்பத்திரி மருந்து வாசத்துக்கு நடுவுல அவ வெச்சிருக்கற மல்லியப் பூ கொஞ்சம் வருது. என்ற சட்டைய மடிச்சுப் போட்ட பை அவ மடியில இருக்கும். சித்த முந்தி அந்தப் பொண்ணு, தங்கத்தத் தடவறேங்கய்யான்னு செவப்புத் தண்ணியில பஞ்சத் தொட்டு என்ற வாய்க்கிட்டக் கொண்டாந்தப்ப இவ எந்திரிச்சுட்டா. "இதும் தங்கந்தானுங்களா? அப்ப வேண்டாமுங்க டாக்டர். தங்கத்தாலதான் இவருக்கு இந்தக் கேடே வந்துச்சு"ன்னா. "பார்க்கறதுக்கு மட்டுந்தாம்மா, ஒண்ணும் பண்ணாது, கழுவிருவோம்"னு அந்தப் பொண்ணு சொன்ன பொறவுதான் ஒக்காந்தா. அவ சொன்னதுல தப்பில்ல. மேல எடது பக்கத்துல ஒரு பல்லு ஒடைஞ்சப்ப வெள்ளையா ஒண்ணு கட்டிக்கலாம்னுதான் பல் டாக்டர் சொன்னாரு. நாந்தான் தங்கத்துல கட்டுங்கன்னேன். செயின் விக்கறவன் சிரிச்சா வாயிலயே தங்கம் தெரியட்டும்னு ஒரு நெனப்பு. நல்லாத்தான் எடுபட்டுச்சு, பல்லப் பார்த்துட்டே எதுத்தாப்ல வந்து ஒக்காருவாங்க ஆளுக. ஆனா அதோட ஓரம் சித்த கூரு. நாக்கு சும்மா கெடக்குமா, போயிப் போயி அதுல ஒரசும். ஒரசுன எடம் எரியும், மொளகா பட்டாத் துள்ளும், ஆறும், மறுபடி வரும். பாக்கும் போடுவேன், இல்லைங்கல. "அந்தப் பல்லக் கழட்டிப்போடுங்க, நாக்கு ஓரமெல்லாம் வெளுத்துக் கெடக்குது"ன்னு இவ சோறு போடறப்பெல்லாம் சொல்லுவா. உனக்கென்ன தெரியும், அந்தப் பல்லுதான் நமக்குச் சோறு போடுதும்பேன். எவ்வளவு சுளுவா சொல்லியிருக்கறேன். கழட்டியிருந்தா என்ன, ஒரு நாள் வேலை. கடைசியில புண்ணு பெருசான பொறவு கழட்டுனாங்க. பல் டாக்டர் அதைய ஒரு சின்னக் கவர்ல போட்டு இவ கையில குடுத்தாரு. ரோட்டுக்கு வந்ததும், நான் வண்டியத் திருப்பறதுக்குள்ள, அந்தக் கவரச் சாக்கடையில வீசிப்போட்டா. தங்கத்த. நான் நடுரோட்டுல நின்னு கத்துனேன், உனக்கு மூளை கீளை இருக்குதா, தங்கத்தச் சாக்கடையில போடறவ உண்டான்னு. போற வர்றவங்கெல்லாம் நின்னு பார்த்தாங்க. இவ முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு வண்டியில ஏறி ஒக்காந்தா. நெனச்சுப் பார்த்தா இவகிட்ட நான் நீளமாப் பேசுன கடைசிப் பேச்சு அதுதான்.

"ஏனுங்க, காலு குளுருதுங்களா? தலைய ஆட்டாதீங்க, ஆட்டக் கூடாதாம். ஆமான்னா கண்ண ஒரு தடவை சிமிட்டுங்க." எந்திரிச்சு வந்து என்ற மூஞ்சிக்கு மேல குனிஞ்சு பார்த்துட்டுக் கேக்கறா. சிமிட்டுனேன். பையில இருந்த துண்ட எடுத்துக் காலுமேல போர்த்திவிட்டா. பொறவு பேச ஆரம்பிச்சா. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும் சொல்லோணும்னு நெனச்சு மறந்தே போச்சுங்க. நம்ம சமையக்கட்டு லாஃப்ட்ல ஒரு பூனை குட்டி போட்டிருக்குதுங்க. பழைய குக்கர் டப்பாவுக்குள்ள. டப்பாவ எடுக்கலாம்னு கைய விட்டேன், சீறுது. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்க, குட்டிகளுக்கு இன்னும் கண்ணு சரியாத் தொறக்கல. நான் ஏறி ஏறிப் பார்த்துட்டு எறங்கறேன், உங்களுக்குத் தெரிஞ்சா தொரத்திப்போடுவீங்கன்னு சொல்லல." நான் படுக்கற எடத்துக்கு அடுத்த ரூம்ல, தலைக்கு மேல, ஒரு குடும்பமே குடி வந்திருக்குது, எனக்குத் தெரியல. இவ நிறுத்தல. கேஸ் கொண்டாற பையன் மாறிட்டானாம், புதுசா வர்றவன் செருப்பக் கழட்டாம உள்ள வர்றானாம். மக ஃபோன் பண்ணுனாளாம், ஆப்பரேசனுக்கு முந்தின நாள் வந்துருவாளாம். எதுத்த ஊட்டு முருங்கை சாஞ்சு நம்ம காம்பவுண்டு மேல கெடக்குதாம், அதுல ஒரே கம்பளிப்பூச்சியாம். அடக் கெரகமே, இவ இவ்வளவு பேசுவாளா. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இப்படித் தொடர்ந்தாப்ல இவ பேசி நான் கேட்டதே இல்ல. கேக்கறதுக்கு நான் எங்க விட்டேன், ஊட்டுக்கு வந்ததும் டிவியப் போட்டுக்குவேன், இவ வாயத் தொறந்தா செரி செரி அப்பறம்பேன். கடையில பேசிப் பேசி வாய் வலிக்குது, ஊட்லயாவது சும்மா இருக்க விடும்பேன். இவளோட கொரல் கீழ்ஸ்தாயில, அவசரமே இல்லாம, அரிசி பொடைக்கறாப்ல சீரா இருக்குது. கேக்க நல்லாருக்குது. வாய்க்குக் கவ்வி போட்டாத்தான் காது தொறக்கும்னு எனக்கு எழுதியிருக்குது போல. எச்சிக் குழாய் சர்ருங்கறப்ப மட்டும் நிறுத்திக்கிட்டு, அது அடங்குன பொறவு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கறா.

நாக்கு போயிருச்சுன்னா என்ன பண்ணுவேன். கடையில வேற எங்காச்சும் போடுவாங்களா, ஸ்டாக் ரூம்ல ஒக்காந்து டேக் கட்டச் சொல்லுவாங்களா. செயின் செக்ஷன்ல பேச்சுதான் எல்லாம். வந்தவங்களப் பார்த்ததும் தெரிஞ்சுரும், யாரை அக்கான்னு கூப்பிடோணும், யாரை அம்மான்னு, யாரைத் தங்கச்சின்னு. கழுத்துல வெச்சுவிட்டுக் கண்ணாடியப் புடிப்பேன். கண்ணாடிய எப்படிப் புடிக்கறோம்ங்கறதுல இருக்குது வித்தை. சங்கிலிக் கண்ணியப் பத்தவெச்சு ஒட்டுன எடத்துல நெறம் மங்கலா இருந்தா, கண்ணாடியச் சித்தச் சாச்சு, லைட்டு மத்த பக்கத்துல விழறாப்ல புடிப்பேன். "வெளிச்சத்துக்கு வாங்க அம்மணி, உங்க கழுத்துக்குன்னே செஞ்சாப்ல இருக்குது பாருங்க"ம்பேன். பொய் சொல்றதில்ல, வெளிச்சத்தக் கொஞ்சம் திருப்பறதோட சரி. ஒரு தடவை இவ ஊட்டுச் சாவிய வாங்கறதுக்குக் கடைக்கு வந்தா. கூட்டம், சித்த ஒக்காருன்னேன், ஓரமா ஒக்காந்து பார்த்துக்கிட்டிருந்தா. சேர்ந்தே பஸ்ஸுல ஊட்டுக்கு வந்தோம். சிங்காநல்லூர் தாண்டுன பொறவு, "அந்த மஞ்சச் சேலைக்கார அம்மாவுக்குக் குடுத்தீங்களே, அந்தச் செயின்ல என்னங்க கோளாறு?"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அதுல நெசமாலுமே பத்தவெச்ச எடம் மங்கலா இருந்துச்சு, ஆனா இவ ஒக்காந்திருந்த எடத்துல இருந்து அது தெரியறதுக்கு வழியே இல்ல. எப்படித் தெரியும்னேன். "எல்லாத்தையும் அக்கா, அம்மான்னு கூப்பிட்டீங்க. அந்தம்மாவ மட்டும் அம்மணின்னீங்க. கொரலும் கொழைஞ்சுது"ன்னு சொல்லிப்போட்டுச் சன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டா. எனக்கே தெரியாதது அது. மக்கா நாள் கடைக்குப் போனதும் என்னய நானே கவனிச்சுப் பார்த்தேன், அவ சொன்னது அப்படியே செரி. கோளாறு இருக்கற உருப்படின்னா வாயில தானா அம்மணி வந்து நிக்குது. அன்னைக்கு பஸ்ஸ விட்டு எறங்கறப்ப இன்னொண்ணும் சொன்னா. "அங்க எப்படி இருக்கறீங்க, எத்தனை பேச்சு, எத்தனை சிரிப்பு. எனக்கு வேற ஆளப் பார்க்கறாப்ல இருந்துச்சுங்க." நான் அதுக்கும் செரி செரின்னுதான் சொல்லியிருப்பேன், ஞாபகமில்ல.

கவ்விய எடுத்ததும் அவகிட்ட ஏதாவது சொல்லோணும். நாக்கு இருக்கறப்பவே சொல்லிப்போடோணும். பல்லு விசயத்துல நீ சொன்னதுதான் செரின்னு சொல்லலாம். அது மட்டும் போதாது. நடுரோட்டுல கத்துனதுக்கு என்ன சொல்றது. இன்னும் பேசு, நீ பேசறது நல்லாருக்குதுன்னு சொல்லலாம், சொன்னா நம்புவாளா, இத்தனை நாள் எங்க போனீங்கன்னு கேக்க மாட்டா, ஆனா நெனப்பா. பேரச் சொல்லிக் கூப்பிட்டதே கம்மி. ஏய்ம்பேன், இந்தாம்பேன், கதவத் தட்டுவேன், தொண்டையக் கனைச்சா வந்துருவா. வசந்தாமணி. மனசுக்குள்ள சொல்றப்பவே நாக்கு நுனி மேலண்ணத்துக்குப் போகப் பார்க்குது, அசைக்கக் கூடாது, புடிச்சு வெச்சேன். டாக்டர் பொண்ணு வந்து குழாய்த் தண்ணியால நாக்கக் கழுவுது, உப்புத் தண்ணி, புண்ணுல பட்டு உயிரு போகுது. செவப்பெல்லாம் கழுவிப்போச்சு, இனி ஒட்டுனது மட்டுந்தான் இருக்கும். ஒட்டாம இருக்கோணும். எந்தத் தங்கமும் ஒட்ட வேண்டாம் சாமி, மருதமலைக்கு நடந்தே வர்றேன், இருட்டாவே இருக்கட்டும்.

லைட்டெல்லாம் அணைச்சாச்சு. டார்ச்சு மாதிரி ஒண்ணு வாய்க்கிட்ட வருது, சூடே இல்லாத வெளிச்சம். கேமராவுல தெரியற படம் சொவத்துல மாட்டியிருக்கற டிவியில வருமாம், அது என்ற தலைக்குப் பின்னால இருக்குது, வசந்தாமணிக்கு நேர் எதுக்க. என்னால பார்க்க முடியாது. ஆனா டாக்டர் பர்வீன் கண்ணாடி போட்டிருக்குது, கருப்பு ஃப்ரேம், அது நிமிந்து டிவியப் பார்க்கறப்பெல்லாம் படம் அந்தக் கண்ணாடியில சின்னதா விழுகுது. எத்தனை பேருக்குக் கண்ணாடி புடிச்சிருக்கறேன், இன்னைக்கு எனக்கு ஒருத்தி புடிக்கறா, அதும் அவளுக்கே தெரியாம. இருட்டுத்தான் தெரிஞ்சுது மொதல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. அது நாக்கோட நுனியாம், "இன்னும் பின்னால போறேங்கய்யா"ன்னுச்சு. ஓரத்துல ஒரு பொட்டு வந்துச்சு. பொட்டு கோடாச்சு. புண்ணு இருக்கற எடந்தான, தெரிஞ்சதுதான, அங்கயே நில்லுன்னு மனசுக்குள்ள சொன்னேன். நிக்கல. டார்ச்ச உள்ள தள்ளத் தள்ள அது நடு நாக்குப் பக்கமாத் திரும்பி, கீழ எறங்கி, கண்ணாடியோட அந்தச் சின்ன வட்டம் பூராவும் பளபளன்னு ஆயிருச்சு. அந்தப் பொண்ணோட கை அசையாம நின்னுருச்சு. "அட, எவ்வளவு அழகா மின்னுதுங்க டாக்டர்!" காலடியில இருந்து வசந்தாமணி சொல்றா, கொரல்ல அப்படி ஒரு சந்தோசம். "உள்ள போகப் போகப் பளிச்சுனு இருக்குதுங்களே. நல்லா வந்திருக்குதுங்களா?" அந்தப் பொண்ணு டார்ச்ச வெளிய எடுத்துச்சு. "ஸ்கேனையும் வெச்சுப் பார்த்துட்டுத்தாம்மா சொல்லுவாங்க"ன்னு சொல்லிப்போட்டு லைட்டப் போட்டுருச்சு.

கவ்விய எடுத்தாங்க. தாடை ரெண்டும் மரத்துக் கெடக்குது, ஒதட்டோரம் கிழிஞ்சு எரியுது. "இப்பப் பேசலாங்கய்யா, மெதுவா"ன்னு சொல்லிப்போட்டு அந்தப் பொண்ணு கையுறையக் கழட்டிக்கிட்டு வெளிய போச்சு. வசந்தாமணி டம்ளர்ல சுடுதண்ணி ஊத்தி ஆத்திக்கிட்டே பக்கத்துல வந்தா. மூஞ்சியில இன்னும் அந்தச் சந்தோசம் இருந்துச்சு, பல மாசத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் பார்க்கறேன். "பார்த்தீங்களா, நீங்க பயந்துக்கிட்டே இருந்தீங்க. அத்தனையும் மின்னுச்சு. நல்லதுதானுங்க?" சொல்லோணும்னு வெச்சிருந்தது எல்லாம் நாக்குக்குப் பின்னால வரிசையா நின்னுச்சு, பல்லு, ரோடு, பூனைக்குட்டி, அவ பேரு. அந்த மூஞ்சியப் பார்த்ததும் எதுவும் வரல. வந்தது வேற. "நல்ல வெளிச்சமா வந்திருக்குது அம்மணி. ஒண்ணும் வெசனப்படாத." சுத்தமா, கொழைஞ்சு, கடைக் கொரல்ல வந்துச்சு.

ஆத்திக்கிட்டிருந்த கை நின்னுச்சு. என்னயவே பார்த்தா. பொறவு திரும்பி, அணைச்சுக் கெடக்கற டிவியப் பார்த்தா, மறுபடி என்னயப் பார்த்தா. "அப்ப மின்னுனா நல்லது இல்லீங்களா"ன்னு மெல்லக் கேட்டா. டம்ளர மேசைமேல வெச்சுப்போட்டு, ஸ்டூல இழுத்து என்ற தலைமாட்டுல போட்டு ஒக்காந்து, என்ற கையப் புடிச்சுக்கிட்டா. "எங்கிட்ட யாவாரம் பண்ணாதீங்க. ஊட்டுல பேசறாப்ல பேசுங்க, நான் தாங்கிக்குவேன்." ஊட்டுல எப்படிப் பேசுவேன்னு தேடுனேன். சோறு போடு, சாவி எங்க, டிவி சத்தத்தக் கூட்டி வை, செரி செரி அப்பறம். அதுக்கு மேல தேடியும் ஒண்ணும் கெடைக்கல. கவ்விய எடுத்தாச்சு, ஆனா வாய் தொறந்தபடியேதான் இருந்துச்சு, அவ என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தா.